நூற்றுக்கு முப்பது வட்டியும் ஒரு பிரசவமும்

சேசு மரி சூசை

தலவாக்கலை,
16.09.1986

அன்புள்ள தம்பி யேசுரட்ணத்துக்கு,

அக்கா மார்கிரட் ஆசீர்வாதத்தோடு எழுதுவது என்னவென்றால், நான் சுகமாக இருக்கிறேன். என் வலது முழங்கால் மட்டும் சுகமாக இல்லை. அதை நீ தனியாக விசாரித்து எழுத வேண்டும். நீயும் இராசம்மாவும் பிள்ளைகளும் கண்டியில் நோய்நொடியில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அரசாங்கக் கச்சேரியில் உனக்குப் பதவி உயர்வு கிடைக்கவும் வேண்டியிருந்தேன். அதற்கு நீயும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும் என்று மாதா நினைக்கிறாள் போலிருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் என் பணத்தைப் பற்றியும் அரைப் பக்கம் என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். "அக்கா, சல்லிய வீட்டுல வைக்காதீங்க, எல்லாத்தையும் ஒரே எடத்துல போடாதீங்க, கூடுதலா வட்டி தாரேன்னு வர்றவன நம்பாதீங்க, யாருக்கும் கைமாத்துக் குடுக்காதீங்க" என்று நீ பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தது. நீ சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உன் கடிதம் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நான் நுவரெலியாவுக்குப் போயிருக்க மாட்டேன், ஒரு பைனான்ஸ் கம்பனி மனேஜரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரையே வெளியே நிறுத்தியிருக்கவும் மாட்டேன். என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன். பொறுமையாக வாசி. நடுவில் எழுந்து போய் இராசம்மாவிடம் "அக்கா என்னா செஞ்சிருக்காங்க பாத்தியா" என்று கத்தாதே.

தோட்டத்து மருத்துவச்சி வேலையை விட்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுனில் இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் சேமலாப நிதிப் பணமும், இத்தனை வருஷம் உழைத்ததற்கான சர்வீஸ் காசும் கைக்கு வந்தன. செக்கை பேங்கில் போட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன், தம்பி. எனக்குப் பென்சன் இல்லை, பார்க்கப் பிள்ளைகள் இல்லை, இந்தப் பணம்தான் எனக்குச் சோறு, வாடகை, மருந்து, கடைசியில் பெட்டியும் குழியும். இது எத்தனை வருஷத்துக்கு வர வேண்டும் என்று தெரிந்தால் கணக்குப் போடுவது சுலபம். நம் ஐயா ஐம்பது தாண்டியதும் போய்விட்டார். அம்மாவோ தொண்ணூறு வயதிலும் வறுத்த கடலையைக் கடித்துத் தின்றாள். நான் யாரைக் கொண்டு பிறந்தேன் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அம்மாவுக்குப் போடுகிற கணக்கைத்தான் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படிப் போட்டால், பேங்கில் சும்மா கிடக்கிற பணம் சாமான் விலை ஏறுகிற வேகத்துக்கு நான் கடலை கடிக்கிற வயதுக்கு முன்பே தீர்ந்துவிடும் போல இருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதில் என் பணம் மட்டும் என்றால் பரவாயில்லை. காளியாயி உனக்கு ஞாபகம் இருப்பாள், மேல் கணக்கு மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள், என் குவார்ட்டர்ஸுக்கு விறகு கொண்டுவருவாள். அவளும் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு இப்போது மகனோடு என் வீட்டுக்குப் பின்புறம் இருக்கிறாள். அவளுக்கும் சர்வீஸ் காசு வந்தது. நான் மாட்டேன் என்றாலும் விடவில்லை. "என் அஞ்சு புள்ளையும் அம்மா கையிலதான் பொறந்துச்சு, ஒண்ணுக்கும் ஒரு கொறையும் வரல. காசையும் அம்மா எங்கன போடுறீங்களோ அங்கனதான் நானும் போடுவேன்" என்றாள். பிள்ளைப்பேறும் பணமும் ஒன்றா என்று கேட்டேன். "ரெண்டும் சாக்கிரதையா வெளியில எடுக்கணும் இல்லீங்களா" என்றாள். என் பணம் போனால் அது என் முட்டாள்தனம் என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிடலாம். அவள் பணம் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

பணம் வந்த செய்தி எப்படித்தான் பரவியதோ தெரியாது. உருளைக்கிழங்கு போடலாம் என்று ஒருவர் வந்தார், லொறியில் பங்கு வாங்கலாம் என்று ஒருவர் வந்தார், மாதா கோயில் கூரை ஒழுகுகிறது என்று சுவாமியார் வெறுமனே சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. டை கட்டிக்கொண்டு, தோல் பெட்டியோடு இறங்கியது எங்கள் தோட்டத்து வீரம்மாவின் மகன் செல்லசாமி. கால் முந்திப் பிறந்த பிள்ளை அவன். அன்றைக்கு ஆஸ்பத்திரி லொறி வராமல் லயத்து வீட்டு ஒற்றைக் காம்பராவில் அவனை வெளியே எடுக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும். நுவரெலியாவில் 'பூரண செழிப்பு பைனான்ஸ்' என்ற கம்பனியில் அவன் ஏஜண்டாம். நூற்றுக்கு முப்பது வட்டி. மாதாமாதம் கையில் வரும். பணம் போடுகிறவர்களுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் இலவசம்.

"அம்மா, நீங்க கையில வாங்குன புள்ள நான். ஒங்கள ஏமாத்துவேனா?" என்றான்.

"நீ ஏமாத்த மாட்டேப்பா. நீயே ஏமாந்து போய் நிக்கிறியான்னுதான் பாக்குறேன். பேங்குல பன்னெண்டு, பதிமூணுன்னு தாறான். ஒங்க மொதலாளிக்கு மட்டும் முப்பது எங்கருந்து வருது?"

"பிசினஸ்ல போடுறாங்க அம்மா. வாவிக் கரைப் பக்கம் ஒரு ஓட்டல் கட்டுறாங்க. வெள்ளக்காரன் வந்து தங்குற ஓட்டல். எங்கம்மா காசுகூட அதுலதான் இருக்கு."

தாயின் பணத்தையும் போட்டிருக்கிறான் என்றால் மனதில் கள்ளமில்லை என்று தெரிந்தது. கள்ளமில்லாதவன் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்ததுதான் என் முதல் பிழை. இரண்டாவது பிழை, அவன் போன பிறகு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் முப்பது வீதத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தது. அடடா, தம்பி! அந்தக் கணக்கில் நான் நூறு வயது வரைக்கும் தாராளமாக இருக்கலாம், உன் மூத்தவளுக்குச் சங்கிலி போடலாம், கோயில் கூரையையும் மாற்றலாம். மனம் என்ன சொல்லியது தெரியுமா? "போய்ப் பார்க்கிறதில் என்ன நட்டம்?" என்று சொல்லியது. அப்படிச் சொல்கிற மனதை இனிமேல் நான் நம்புவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் காளியாயியும் பஸ் ஏறினோம். நானுஓயா தாண்டும்வரை மழை. காளியாயி சன்னலோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்தபடியே வந்தாள். வயிற்று வலியோ என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். முந்தின நாளே பேங்குக்குப் போய் சர்வீஸ் காசு முழுவதையும் எடுத்து, சுருக்குப் பையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

கம்பனி ஒபிசைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் மயக்கமாகத்தான் இருந்தது. கண்ணாடிக் கதவு, சிவப்புக் கம்பளம், சுவர் முழுவதும் சுவர்க்கடிகாரங்கள், வாசலில் ஒரு வெள்ளைக் கார். மனேஜர் முத்துலிங்கம் கோட்டுப் போட்ட இளம் வயதுக்காரர், எழுந்து நின்று கும்பிட்டார். காசு வாங்குகிற கம்பித் தடுப்புக்குப் பின்னால் அவர் மனைவி நாகலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். தம்பி, நான் பார்க்கப் போனது கம்பனியை. என் கண் போனது அவள் வயிற்றுக்கு. பிள்ளை நன்றாகக் கீழே இறங்கிவிட்டது. அவள் ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கையால் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். இடைக்கிடை எழுத்து நின்றது, உதட்டைக் கடித்தாள், மறுபடி எழுதினாள்.

"இது எத்தனாவது புள்ளம்மா?" என்றேன்.

"ரெண்டாவதுங்க. மூத்தது வலப்பனையில எங்கம்மா வீட்டுல இருக்கு."

"ரெண்டாவது தாமதிக்காது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரு."

"இன்னும் ரெண்டு கெழம இருக்குன்னாங்களே" என்று மனேஜரைப் பார்த்தாள். அவர் சிரித்தார். "மாசக் கடைசிங்க அம்மா. பெட்டிச் சாவி அவகிட்டதான். திங்கக்கெழம கூட்டிட்டுப் போயிருவேன்."

பிள்ளை திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கிற ஆள் பணக் கணக்கை எப்படிப் பார்ப்பான் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கேக் வந்தது. நான் ஓட்டலைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் படத்தைக் காட்டினார். நாலு மாடி, கீழே பூச்செடி, வாசலில் தொப்பி போட்ட வெள்ளைக்காரி. படத்தை நான் பார்த்துவிட்டேன், கட்டிடத்தைக் காட்டுங்கள் என்றேன். மழையில் எதற்கு என்றார். குடை இருக்கிறது என்றேன். கடைசியில் செல்லசாமி என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டான். என் முழங்காலுக்கு அது முதல் மோட்டார் சைக்கிள், கடைசியும் அதுதான். காளியாயி வரவில்லை. அவள் தட்டில் இன்னும் கேக் இருந்தது.

வாவிக் கரையில் ஓட்டல் இல்லை. அத்திவாரம் இருந்தது. அத்திவாரத்துக்குள் லீக்ஸ் மரக்கறி பயிரிட்டிருந்தார்கள், நல்ல விளைச்சல். ஒரு தகரக் கொட்டிலுக்குள்ளிருந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காவல்காரர் வந்தார், வயதான சிங்கள மனிதர். எப்போது கட்டி முடிப்பார்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். "படி நே, நோனா" என்றார். நான் கேட்டது கட்டிடத்தை, அவர் சொன்னது தனக்குச் சம்பளம் இல்லை என்பதை. சம்பளம் வந்து பல மாதமாம், அதனால்தான் லீக்ஸ் போட்டிருக்கிறாராம், எனக்கு ஒரு கட்டு வேண்டுமா என்று கேட்டார். பாவம், காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். பூரண செழிப்பு பைனான்சில் நான் போட்ட முதலீடு அந்த ஒரு கட்டு லீக்ஸ்தான். திரும்பிப் பார்த்தால் செல்லசாமி வாயைத் திறந்தபடி அத்திவாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனும் அதுவரை படத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

"எங்கம்மா காசு..." என்றான்.

"வண்டிய எடு" என்றேன்.

ஒபிசுக்குள் நுழைந்ததும் மனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே, "அம்மாவுக்காக முப்பத்தாறு போட்டுத் தாறேன்" என்றார். கேளாமலே வட்டியை ஏற்றுகிறவனிடம் பணம் இல்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது. எழுந்து வா, போகலாம் என்று காளியாயியைக் கூப்பிட்டேன். அவள் எழுந்தாள். மடியில் சுவர்க்கடிகாரம் இருந்தது. கையில் ரசீது இருந்தது. பெருவிரலில் ஊதா மை.

"அம்மா வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கேன்னு போட்டுட்டேங்க" என்றாள் சந்தோஷமாக.

தம்பி, என் வாழ்க்கையில் எத்தனையோ பிள்ளைகள் மூச்சில்லாமல் நீலமாக வந்து கையில் விழுந்திருக்கின்றன. அப்போதெல்லாம் அடுத்தது என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அந்த ஊதா மைக்கு என்ன வைத்தியம் என்று தெரியவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒரு வருஷம் முடியாமல் எடுக்க முடியாது, சட்டம் அப்படி, அவரே கைநாட்டு வைத்திருக்கிறார் என்று மனேஜர் தாளைக் காட்டினார். நான் சத்தம் போட்டேன். அவரும் சத்தம் போட்டார். பணம் போட வந்து உட்கார்ந்திருந்த ஒரு பழைய போஸ்ட்மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் எங்களையே பார்த்தார்கள். அப்போதுதான் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது.

நாகலெட்சுமிக்குத் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. காரை எடுங்கள் என்றேன். மனேஜர் அசையவில்லை. வாசலில் நின்ற அந்த அழகான காருக்குள் பெட்டரி இல்லையாம், விற்றுவிட்டாராம். வாடிக்கையாளர் பார்ப்பதற்காகத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார். செல்லசாமியை ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன், எதையாவது கூட்டிக்கொண்டு வா என்று. ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்தது, அவன் வந்து சேருமட்டும் இந்தப் பிள்ளை பொறுக்காது. மனேஜர் அறைக்குள் அவளைக் கூட்டிப்போய்க் கம்பளத்தில் படுக்க வைத்தேன். வாடிக்கையாளருக்குத் தேத்தண்ணி போட வைத்திருந்த கேத்தலைக் கொண்டுவரச் சொன்னேன். ஓய்வு பெற்றாலும் என் கைப்பையில் கத்தரிக்கோலும் நூலும் இருக்கும்; நீ அதைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருக்கிறாய்! மனேஜரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். காளியாயி கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு, நாகலெட்சுமியின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள்.

வலி வந்தால் பெண்கள் புருஷனை ஏசுவார்கள், அது வழக்கம். குடியை ஏசுவார்கள், சூதை ஏசுவார்கள், மாமியாரை ஏசுவார்கள், எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். ஒரு கம்பனியின் வரவு செலவை ஏசியதை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன்.

"ஐயோ அம்மா... பழைய ஆளுக்கு வட்டி குடுக்க புது ஆளு காசு... புது ஆளுக்குக் குடுக்க யாரு காசு... சொன்னேனே, கேட்டானா இந்த மனுசன்... எங்கம்மா போட்ட சங்கிலியும் போச்சு... காவக்காரனுக்குச் சம்பளம் இல்ல... ஐயோ... ஒங்க காச எடுத்துக்கிட்டுப் போயிருங்க அம்மா... இன்னைக்கு வந்த காசு மேல் லாச்சியிலதான் இருக்கு... ஐயோ!"

"எல்லாத்தையும் சொல்லிரு புள்ள, சொன்னாத்தான் லேசா இருக்கும். இப்ப நல்லா முக்கு" என்றேன்.

அந்த அறைச் சுவர் வெறும் பலகைத் தடுப்பு. வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. பிறகு பிள்ளை அழுத சத்தம்தான். பெண் பிள்ளை. நல்ல நிறை, நல்ல தொண்டை. துடைத்து, என் கம்பளிச் சால்வையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

மனேஜர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அவரைப் பார்த்தால் எத்தன் மாதிரித் தெரியவில்லை, தம்பி. வீட்டுக்கு விளக்கு வைக்கிறேன் என்று போய்க் கூரையைக் கொளுத்திக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது. பிள்ளையைக் கையில் கொடுத்தேன்.

"அம்மா... நான் ஒங்களுக்கு என்னா குடுக்க?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். இன்னைக்கு வாங்குன காச இன்னைக்கே திருப்பிக் குடுங்க. இனிமே யாருகிட்டயும் புதுசா வாங்காதீங்க. அந்தக் காணிய வித்து, மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க."

"காணிய வித்தாலும் முழுசாக் காணாதுங்களே."

"புதுசா வாங்குனா இன்னும் காணாதே" என்றேன்.

உள்ளேயிருந்து, கம்பளத்தில் படுத்தபடியே, நாகலெட்சுமி சாவிக் கொத்தைக் காளியாயியிடம் கொடுத்து, "மேல் லாச்சி" என்றாள். காளியாயி மேசையின் மேல் இழுப்பறையைத் திறந்தாள். காளியாயிக்கும் போஸ்ட்மாஸ்டருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் அன்று போட்ட பணம் அப்படியே கைக்கு வந்தது. ரசீதுகளைக் கிழித்தோம். காளியாயி ரசீதைக் கொடுத்துவிட்டாள், கடிகாரத்தைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு மனேஜரையே பார்த்தாள். வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். செல்லசாமி ஆஸ்பத்திரி வண்டியோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவன் தோல் பெட்டியை மனேஜர் மேசையில் வைத்துவிட்டு, டையைக் கழற்றி அதன்மேல் போட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாகலெட்சுமி சாவியைத் திரும்பப் புருஷன் கையில் கொடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் பணம் ஏற்பதில்லை என்று வாசலில் பலகை போட வைத்திருக்கிறாள். காணியை ஒரு மரக்கறி முதலாளி வாங்கிவிட்டார், லீக்ஸ் நன்றாக வருகிறது என்று. காரும் கம்பளமும் போயின. சின்னச் சின்னத் தொகை போட்ட தோட்டத்து ஆட்களுக்கு முதலில் கொடுத்திருக்கிறார்கள், வீரம்மாவுக்கும் பாதிக்கு மேல் கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் முழுசாகக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் ஓடி ஒளியாமல் புருஷனும் பெண்சாதியும் வீடு வீடாகப் போய் நிலைமையைச் சொல்கிறார்கள் என்று கேள்வி.

இப்போது நம் பணத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒரு சதமும் வைக்கவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் நுவரெலியாவில் பொன்னையா முதலாளியின் துணிக்கடையோடு மெத்தைக்குள் வைத்திருந்த பணமும் எரிந்ததை நான் மறக்கவில்லை. அரசாங்க பேங்கில் நிலையான வைப்பாக மூன்று துண்டாகப் போட்டிருக்கிறேன். மூன்றும் வேறு வேறு மாதத்தில் முதிரும், அதனால் அவசரம் என்றால் ஒன்று எப்போதும் கிட்டத்தில் இருக்கும். மருந்துக்கும் மழைக்காலத்துக்கும் வேண்டியது தபால் கந்தோர் சேமிப்புப் புத்தகத்தில். வட்டியைத்தான் தின்பேன், முதலைத் தொட மாட்டேன், வட்டியிலும் ஒரு பங்கை முதலோடு சேர்ப்பேன். பன்னிரண்டு பதிமூன்றுதான். ஆனால் இரவில் தூக்கம் வருகிறது, அந்தத் தூக்கத்தையும் வட்டியோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் முப்பதுக்குக் குறையாது. காளியாயிக்கும் அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பிறகு யாருக்கு என்று பேங்கில் கேட்ட இடத்தில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அதற்காக என் முழங்காலை விசாரிக்காமல் விட்டுவிடாதே.

ஆகவே நீ கவலைப்பட வேண்டாம். இனி உருளைக்கிழங்கு, லொறி, ஓட்டல் என்று எவர் வந்தாலும் என்னிடமிருந்து ஒரு சதம் பெயராது. கைமாற்று என்று அழுதுகொண்டு வந்தாலும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். சுவாமியாரே முழங்காலில் நின்றாலும் அவர் முழங்காலுக்குத் தைலம் கொடுப்பேன், பணம் கொடுக்க மாட்டேன். உன் அக்கா இப்போது கல்.

இராசம்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக நீ சிலுவை அடையாளம் போட்டுவிடு. சூசையப்பர் உங்கள் வீட்டுக் கதவைக் காத்துக்கொள்ளட்டும், உன் சம்பளத்தைக் காத்துக்கொள்ள இராசம்மா போதும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
மார்கிரட்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நாகலெட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கம்பனியை மூடிவிட்டார்களாம். வலப்பனைச் சந்தைப் பக்கம் ஒரு சின்னப் பலசரக்குக் கடை எடுத்து, உழைத்து மிச்சக் கடனைக் கொடுக்கலாம் என்று பார்க்கிறார்களாம், கடைக்காரர் முற்பணம் கேட்கிறாராம். அவள் என்னிடம் பணம் கேட்கவில்லை, தம்பி, அதை நான் சத்தியமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பால் கக்குகிறது, அதற்கு என்ன செய்வது என்றுதான் கேட்டாள். பிள்ளைக்கு மார்கிரட் லெட்சுமி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் கல்லாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆகவே மூன்று துண்டில் ஒன்றை இன்று மத்தியானம் பேங்கில் போய் உடைத்து அந்த முற்பணத்துக்குக் கொடுத்துவிட்டேன். முதிரும் முன்பே எடுத்ததால் வட்டியும் போயிற்று. எழுத்து ஒன்றும் வாங்கவில்லை, வட்டியும் பேசவில்லை, மாதாமாதம் நல்ல அரிசி அனுப்புகிறேன் என்றாள். இதைக் கேட்ட காளியாயி, "அம்மா குடுத்தா நானும் குடுப்பேன்" என்று என்னோடேயே பேங்குக்கு வந்து அவளுடையதிலும் ஒன்றை உடைத்தாள். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. நீ இதற்கு என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். எழுது, நன்றாக ஏசி எழுது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டதும் என் வாசிக்கிற மூக்குக் கண்ணாடி உடைந்துவிடப் போகிறது.